நெருப்புக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்

விறகுத் தீயின் சுடர் சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இந்த இரண்டு எண்களையும் தெரிந்த ஒருவர், மூன்று கல்லைக் கூட்டிச் சுள்ளி மூட்டி அதன்மேல் அலுமினியப் பாத்திரத்தை ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் பதற வேண்டும். ஆனால் மலையேறப் போகிறவர்கள் காலங்காலமாக அதைத்தான் செய்கிறார்கள். தேநீர் கொதிக்கிறது. குடித்து முடித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்து முதுகுப்பையில் திணித்துக்கொண்டு அடுத்த மேட்டில் ஏறுகிறார்கள். பாத்திரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை.

முகாம் பாத்திரத்தைவிட எளிய கருவியை யோசிப்பது கடினம். ஒரு லிட்டரோ ஒன்றரை லிட்டரோ கொள்ளும் உலோகக் குடுவை, ஒரு மூடி, தூக்குவதற்கு வளைந்த கம்பி. நம் தூக்குவாளிக்குத் தம்பி என்று சொல்லலாம். பழுதாவதற்கு அதில் பாகம் என்று எதுவும் கிடையாது. அதன் சுவர் பெரும்பாலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அந்தத் தகட்டின் வெளிப்பக்கம் 1000 டிகிரி நெருப்பு, உள்பக்கம் 100 டிகிரி தண்ணீர். நடுவில் இருக்கும் உலோகம் யார் பக்கம் சாயும்?

முழுக்க முழுக்கத் தண்ணீர் பக்கம்தான். ஒரு லிட்டர் பாத்திரம் நல்ல தீயில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, நெருப்பு நக்கும் அந்த அடிப்புறத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 110, 115 டிகிரிதான் இருக்கும். காரணம், தண்ணீர் உலோகத்திடமிருந்து வெப்பத்தைப் பறிக்கும் வேகம். சூடான நீர் மேலே போகிறது, குளிர்ந்த நீர் கீழே இறங்குகிறது, கொதிநிலை வந்தபின் நீராவிக் குமிழ்கள் வெப்பத்தை மூட்டை கட்டி மேலே கொண்டுபோகின்றன. நெருப்போ வெறும் சூடான காற்று. அதனால் அவ்வளவு வேகமாகக் கொடுக்க முடியாது. கொடுப்பவன் மெதுவாகக் கொடுக்க, வாங்குபவன் உடனுக்குடன் வாங்கிக்கொண்டுவிடுவதால் உலோகத்தின் கையில் எதுவும் தங்குவதில்லை.

இதே காரணத்தால் காகிதத்திலும் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். காகிதம் தீப்பற்றச் சுமார் 230 டிகிரி வேண்டும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை நனைந்த பகுதி அந்தப் பக்கமே போகாது. ஜப்பானிய உணவகங்களில் காகிதக் கிண்ணத்தில் குழம்பைச் சுடச்சுடக் கொதிக்கவிட்டே பரிமாறும் வழக்கம் உண்டு. மூங்கில் குழலில் அரிசியும் தண்ணீரும் போட்டுத் தீயில் சாய்த்து வைத்துச் சோறாக்கும் மலைவாழ் மக்களுக்கு இந்தச் சங்கதி எப்போதோ தெரியும்.

அடுத்த வியப்பு கடைக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்று. அலுமினியம் வெப்பத்தைக் கடத்துவதில் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டிக்காரன். டைட்டானியம் கிட்டத்தட்ட எவர்சில்வர் ரகம். அப்படியானால் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் பத்து மடங்கு சீக்கிரம் கொதிக்க வேண்டும் அல்லவா? இல்லை. மூன்றும் அநேகமாக ஒரே நேரத்தில்தான் கொதிக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 சென்டிமீட்டர் அகல அடிப்பாகம் வழியாக ஒரு கிலோவாட் வெப்பம் உள்ளே போகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்தில் கொதிக்க வைக்க அது போதும். அரை மில்லிமீட்டர் எவர்சில்வர் தகட்டைத் தாண்டுவதில் விழும் வெப்பநிலை வித்தியாசம் இரண்டே டிகிரி. ஒரு மில்லிமீட்டர் அலுமினியத்தில் அரை டிகிரிகூட இல்லை.

மீதி எண்ணூற்றுச் சொச்சம் டிகிரி எங்கே போயிற்று? பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வாயு அடுக்கில். இதை எல்லைப் படலம் என்கிறார்கள். பரப்பை உரசிக்கொண்டு, அநேகமாக அசையாமல் கிடக்கும் காற்றுத் தோல் அது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. சுங்கச்சாவடியில் ஒரே ஒரு வழிதான் திறந்திருக்கிறது என்றால், அதற்கு அப்பால் சாலை நான்கு வழியா எட்டு வழியா என்பதில் என்ன இருக்கிறது? எல்லைப் படலம்தான் அந்தச் சாவடி. உலோகம் அதற்கு அப்பால் உள்ள அகலச் சாலை.

இது புரிந்துவிட்டால் பாத்திரம் செய்கிறவர்கள் எங்கே மூளையைச் செலவழிக்கிறார்கள் என்பதும் புரியும். அவர்களுடைய சண்டையெல்லாம் அந்த வாயுவோடுதான். சில நவீன முகாம் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் நெளிநெளியாக மடித்த அலுமினியப் பட்டை வளையமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். சூடான வாயு தப்பித்துப் போகும் வழியெல்லாம் உலோகத்தை உரசிவிட்டுப் போகும்படி பரப்பளவைப் பெருக்கும் தந்திரம் அது. பட்டை இல்லாவிட்டாலும் வடிவமே பாதி வேலையைச் செய்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒடுக்கமான பாத்திரம் செய்தால் உள்ளே நீர் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். 15 சென்டிமீட்டர் அகலத்தில் செய்தால் 6 சென்டிமீட்டருக்குள்தான். ஆனால் நெருப்புக்குக் காட்டும் அடிப்பரப்பு இரண்டேகால் மடங்கு. பையில் அடங்குவதற்கு ஒல்லியான பாத்திரம் சௌகரியம். அடுப்பில் குட்டையும் அகலமுமான பாத்திரம்தான் ஜெயிக்கும். காற்று வீசும் இடமென்றால் மூன்று பக்கமும் மறைப்பு கட்டாயம். பாத்திரத்துக்குப் போக வேண்டிய சூடான வாயுவைக் காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

எவ்வளவு விறகு வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 314 கிலோஜூல் ஆற்றல் தேவை. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு பத்து மணி நேரத்தில் செலவழிக்கும் மின்சாரத்துக்கு இது சமம். உலர்ந்த விறகில் இந்த ஆற்றல் வெறும் 20 கிராமில் அடங்கியிருக்கிறது, அதாவது விரல் மொத்தத்தில் ஒரு சாண் நீளச் சுள்ளியில். அதை நம்பி ஒரு சுள்ளியோடு யாரும் காட்டுக்குப் போய்விட வேண்டாம். திறந்த மூன்று கல் அடுப்பில் ஏழில் ஒரு பங்கு பாத்திரத்துக்குள் போனாலே பெரிய காரியம். மீதி ஆகாயத்தையும் கல்லையும் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலையும் சூடாக்கும். எனவே கையிரண்டும் கொள்ளும் அளவு சுள்ளி வேண்டும்.

மூடி போடாவிட்டால் இன்னும் வேண்டும். 100 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 100 டிகிரி நீராவியாக மாற்ற, வெப்பநிலை ஒரு டிகிரிகூட ஏறாமல், லிட்டருக்கு 2257 கிலோஜூல் செலவாகும். தண்ணீரைக் கொதிக்க வைத்த செலவைப்போல இது ஏழு மடங்கு. வெப்பமானியில் தெரியாமல் ஒளிந்துகொள்வதால் பாடப்புத்தகங்கள் இதை உள்ளுறை வெப்பம் என்கின்றன. திறந்த பாத்திரத்திலிருந்து அரை டம்ளர், 100 மில்லி, ஆவியாகிப் போனால்கூட ஒரு லிட்டரைக் கொதிக்க வைத்ததில் மூன்றில் இரண்டு பங்குச் செலவு கூடவே போய்விட்டது என்று பொருள். முகாம் பாத்திரத்தில் மிக மலிவான பாகம் மூடிதான். அதைவிட விறகை மிச்சப்படுத்தும் பாகமும் வேறில்லை.

பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிய முதல் நிமிடத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். வெளிப்புறமெல்லாம் நீர்த்துளி கோத்து, அடியில் சொட்டும். ஓட்டைப் பாத்திரம் என்று பலரும் நினைப்பார்கள். அந்த நீர் நெருப்பிலிருந்து வந்தது! விறகிலும் எரிவாயுவிலும் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு கிராம் புரோப்பேன் வாயு எரிந்தால் ஒன்றரைக் கிராமுக்கு மேல் தண்ணீர் பிறக்கும். குளிர்ந்த உலோகத்தில் பட்டதும் அந்த ஆவி துளியாகிறது. பாத்திரம் சூடேறியதும் வியர்வை நின்றுவிடும்.

கரி பிடிப்பதும் உலோகத்தின் குளிர்ச்சியால்தான். சுடரின் மஞ்சள் நிறமே அதனுள் தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்களின் ஒளி. சுடருக்குப் போதிய இடம் கொடுத்தால் உச்சிக்குப் போவதற்குள் அந்தத் துகள்கள் எரிந்து தீர்ந்துவிடும். நடுவழியில் 100 டிகிரிச் சுவர் ஒன்று குறுக்கே வந்தால், எரிவது அப்படியே அணைந்து, கரி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நம் ஊரில் விறகடுப்பில் பெரிய சமையல் செய்கிறவர்கள் பாத்திரத்தின் அடியில் களிமண்ணையோ சாம்பலையோ குழைத்துப் பூசிவிட்டு அடுப்பில் ஏற்றுவார்கள். சாரணர் முகாம்களில் அதற்குப் பதில் சோப்பைத் தடவுவார்கள். கழுவும்போது பூச்சோடு கரியும் வந்துவிடும். ஆனால் தனியாக மலையேறுகிறவருக்கு என் யோசனை வேறு: வெளிக்கரியைத் தேய்க்காதீர்கள். பளபளக்கும் அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிர்களில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்த பாத்திரம் அநேகமாக எல்லாவற்றையும் விழுங்கிவிடும். தணல்மேல் வைக்கும்போது கறுத்த பாத்திரமே சீக்கிரம் சூடாகும். பையில் ஒட்டாமலிருக்க ஒரு துணிப்பை போதும்.

இனி காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சூடேறும் தண்ணீர் முதலில் வெளியேற்றுவது அதில் கரைந்திருந்த காற்றை. சுவரோரம் பொடிப்பொடியாக முத்துக் கோத்ததுபோல் நிற்பவை அவை. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து ஒரு சீறல் எழும். அடிப்பாகத்தின் கீறல்களிலும் சொரசொரப்பிலும் நீராவிக் குமிழ்கள் பிறந்து, மேலே கிளம்பி, இன்னும் சூடேறாத நீரில் நுழைந்ததும் சட்டென்று உள்வாங்கிச் செத்துப்போகின்றன. நீராவி மறுபடி தண்ணீராகும்போது அதன் கனஅளவு ஏறத்தாழ 1700இல் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தக் குழியை நிரப்ப நாலாபுறமிருந்தும் நீர் பாய்ந்து மோதும் சத்தம்தான் அந்தச் சீறல். ஆயிரக்கணக்கான குட்டி மரணங்களின் ஓசை. பிறகு சத்தம் தணியும். அடுப்பு அணைந்துவிட்டதோ என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். உண்மையில் நீர் முழுவதும் சூடாகிவிட்டதால் குமிழ்கள் சாகாமல் மேற்பரப்புவரை உயிரோடு வருகின்றன. அடுத்த நிமிடம் தளதளவென்று கொதி. மூடியைத் திறக்காமலேயே காதால் கொதிநிலை பார்க்கலாம். பழைய, உள்ளே கீறல் விழுந்த பாத்திரம் இந்த வேலையில் புதுசைவிட ஒழுங்கு. குமிழ் பிறக்கத் தொட்டில்கள் அதில் ஏராளம்.

கொதி வந்தாயிற்று, தேயிலையைப் போட்டாயிற்று. வடிகட்டி இல்லையே? ஆஸ்திரேலியாவில் பிழைப்புத் தேடி ஊர் ஊராக நடந்த 19ஆம் நூற்றாண்டுக் கூலித் தொழிலாளர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். அவர்கள் தோளில் சுருட்டிய போர்வையோடு தொங்கிய கம்பிக் கைப்பிடித் தகரக்குவளைக்குப் பில்லி என்று பெயர். தேநீர் கொதித்ததும் பில்லியின் கம்பியைப் பிடித்துக் கையை நீட்டி, தலைக்கு மேலாக முழு வட்டமாகச் சுழற்றுவார்கள். தலைகீழாகப் போகும்போதும் ஒரு சொட்டு சிந்தாது. தோளிலிருந்து குவளைவரை ஒரு மீட்டர் என்றால், இரண்டு விநாடிக்கு ஒரு சுற்றைவிட வேகமாகச் சுழற்றினால் போதும். குவளையின் அடி தண்ணீரை வட்டத்தின் மையத்தை நோக்கித் தள்ளிக்கொண்டே இருப்பதால் நீருக்குக் கீழே விழ நேரம் கிடைப்பதில்லை. நீரைவிடக் கனமான ஈர இலைகள் இந்தச் சுழற்சியில் அடியில் போய்ப் படிந்துவிடும். தெளிந்த தேநீரை மேலாக ஊற்றிக் குடிக்கலாம். கொதிக்கும் தேநீரில் இதை முயன்று பார்க்க நான் சிபாரிசு செய்யமாட்டேன். பச்சைத் தண்ணீரில் தாராளமாகப் பழகலாம்.

கொதிப்பது என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. 1835 மார்ச்சில் இளம் சார்லஸ் டார்வின் சிலியிலிருந்து ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் ஒரு ராத்தங்கல். உருளைக்கிழங்கைப் பானையில் போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டும் வேகவில்லை. இரவு முழுக்க நெருப்பில் விட்டுவைத்துக் காலையில் மறுபடியும் கொதிக்க வைத்தார்கள். அப்போதும் கிழங்கு கல். கூட வந்த உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்ததை டார்வின் சிரிப்போடு பதிவு செய்கிறார்: பானை புதுசு, பாழாய்ப்போன அந்தப் பானைக்குக் கிழங்கு வேகவைக்க இஷ்டமில்லை!

பானை பாவம், நிரபராதி. உயரம் போகப்போகக் காற்றழுத்தம் குறைகிறது. தண்ணீரின் தலையில் அமுக்கும் பாரம் குறைந்தால் அது சீக்கிரமே ஆவியாகத் தயாராகிவிடும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்று கொதிநிலை இறங்கும். கொடைக்கானலில் 93, லடாக்கின் லே நகரில் 88, எவரெஸ்ட் அடிவார முகாமில் 82 அல்லது 83. டார்வின் படுத்திருந்த இடத்தில் சுமார் 89. கிழங்கின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசை இளகுவதற்கு நல்ல சூடு வேண்டும். பத்து டிகிரி குறைந்தால் அது இளகும் வேகம் அடியோடு படுத்துவிடும். தீயைக் கூட்டியும் பயனில்லை. லேசாகக் கொதித்தாலும் தளதளவென்று பொங்கினாலும் தண்ணீரின் வெப்பநிலை ஒன்றுதான். கூடுதல் விறகு கூடுதல் ஆவியாகத்தான் போகும். இது சமவெளிக்கும் பொருந்தும். கொதி வந்தபின் தீயைக் குறைத்துவிடுங்கள், பருப்பு அதே நேரத்தில்தான் வேகும். கிருமிகளைப் பற்றிக் கவலை வேண்டாம், அவை 80 டிகிரிக்குக் கீழேயே மடியும். மலையில் குடிநீரைக் கொதி வந்தபின் ஒரு நிமிடமும், 2000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடமும் கொதிக்கவிடச் சொல்வது கூடுதல் பத்திரத்துக்காக.

தண்ணீர் இருக்கும்வரை உலோகம் அதன் சொல் கேட்கும். சோறு பொங்கும்போது ஒரு கட்டத்தில் தண்ணீரெல்லாம் அரிசிக்குள் போய்விடுகிறது. அந்தக் கணத்திலிருந்து அடிப்பாகத்தைக் கட்டுப்படுத்த யாரும் இல்லை. 100 டிகிரியில் நின்றிருந்த தகடு விறுவிறுவென்று 150, 200 என்று ஏறும். முதலில் பொன்னிறத்தில் காந்தலின் மணம், ஒரு நிமிடம் அசந்தால் கரிநாற்றம். 1955இல் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த தானியங்கி மின்சார ரைஸ் குக்கர் இந்தத் திடீர் ஏற்றத்தைத்தான் ஒற்றறிந்தது. அடியின் சூடு 100ஐத் தாண்டினால் தண்ணீர் தீர்ந்தது என்று அர்த்தம், மின்சாரத்தைத் துண்டித்துவிடு. காட்டில் அந்த வேலையை மூக்கு செய்ய வேண்டும்.

உலோகங்களுக்குள் உண்மையான வித்தியாசம் இங்கேதான் தலைகாட்டுகிறது. குறுக்கே கடத்துவதில் முந்த முடியாத அலுமினியம், பக்கவாட்டில் பரப்புவதில் ராஜா. சுடர் ஒரே இடத்தில் பட்டாலும் அலுமினிய அடி அந்தச் சூட்டை முழுவதும் பங்கிட்டுவிடும். மெல்லிய டைட்டானியமும் எவர்சில்வரும் அப்படிப் பங்கிடாது. சுடர் பட்ட இடம் மட்டும் தகிக்கும், இரண்டு விரற்கடை தள்ளி வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே வெறும் தண்ணீர் என்றால் அதுவே சுழன்று சமன் செய்துவிடும். உப்புமாவும் கெட்டிக் கஞ்சியும் சுழலாது. டைட்டானியப் பாத்திரத்தில் உப்புமா கிண்டியவருக்கு நடுவில் வட்டமாக அடிப்பிடித்த கதை தெரியும்.

இந்த அலுமினியம் ஒருகாலத்தில் அரும்பொருள். 1884இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க, வெள்ளிக்கு நிகரான விலையில் மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவான அலுமினியப் பிரமிடு ஒன்றை வார்த்தார்கள். இரண்டே ஆண்டில், 1886இல், அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் ஹெரூவும் ஒருவரையொருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863இல் பிறந்தவர்கள். இருவரும் 1914இல் இறந்தார்கள் என்பது வரலாற்றின் குறும்பு. விலை சரிந்தது. 1898இலேயே சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கிவிட்டார். அரிய உலோகம் அடுக்களைக்கு வரப் பன்னிரண்டே ஆண்டுகள்!

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். நேர்மாறு. வெட்டிய கணமே அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துவிடும். ஆனால் அப்படி உருவாகும் ஆக்சைடு, சில நானோமீட்டர் தடிமனில் இறுக்கமான தோலாகி, மேற்கொண்டு ஆக்சிஜனை உள்ளே விடாது. தலைமுடியின் தடிமனில் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான் அந்தக் கவசம். கீறினால் அதே நொடியில் மீண்டும் வளரும். சமையலில் அதற்கு முக்கிய எதிரி புளிப்பு. புளியும் எலுமிச்சையும் தக்காளியும் அந்தத் தோலை அரிக்கும், எனவே சாதாரண அலுமினியத்தில் ரசம் வைத்து ராத்திரி முழுக்க விட்டுவைக்கக்கூடாது. ஹார்டு அனோடைஸ்டு என்று கடைகளில் கிடைக்கும் கருஞ்சாம்பல் பாத்திரம், இதே தோலை மின்வேதி முறையில் பல ஆயிரம் மடங்கு தடிமனாக வளர்த்தது.

எவர்சில்வரும் இதே தந்திரத்தால்தான் பிழைக்கிறது. இரும்போடு பத்தரை விழுக்காட்டுக்குமேல் குரோமியம் கலந்தால் துருவுக்குப் பதில் குரோமிய ஆக்சைடுத் தோல் வளரும். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழலுக்கு நல்ல எஃகு தேடிக்கொண்டிருந்த ஹாரி பிரியர்லி கண்டது அது. மூன்றாவது வாரிசான டைட்டானியத்தின் தாது நம் காலடியில் கிடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் கடற்கரை மணலைக் கறுப்பாக்கும் இல்மனைட் அதுதான். இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் பின்னிக்கிடக்கும் கனிமம் அது. பிரித்தெடுத்த டைட்டானியம் எஃகில் சுமார் பாதி கனம்தான், 1668 டிகிரிவரை உருகாது, உப்பும் புளிப்பும் தீண்டாது. அதன் விலைக்குக் காரணம் அந்தப் பின்னலைப் பிரிக்கும் பாடு. வில்லியம் கிரோல் வகுத்த முறைப்படி, தாதுவைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, அதை உருகிய மக்னீசியத்தோடு மோதவிட்டால்தான் கடற்பஞ்சுபோல் டைட்டானியம் கிடைக்கும். உலகில் தோண்டப்படும் இந்தத் தாதுவில் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை, சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டுக்குத்தான் போகிறது.

எந்த உலோகமானாலும் பாத்திரமாவது பெரும்பாலும் ஒரே வழியில்தான். வட்டத் தகட்டை ஒரு பள்ளத்தின்மேல் வைத்து உருளைக் கட்டையால் அழுத்தி உள்ளே இழுக்கிறார்கள். தகடு கிழியாமல் வழிந்து பாத்திரமாகிறது, ஒட்டோ தையலோ இல்லாமல். எனவே ஒழுக இடமில்லை. விளிம்பைச் சுருட்டிவிடுவது உதட்டைக் கிழிக்காமலிருக்க மட்டுமல்ல. அந்தச் சுருள் இல்லாவிட்டால் அரை மில்லிமீட்டர் தகடு கையழுத்தத்திலேயே நெளியும்.

பாத்திரத்தை உயிர்காக்கும் கருவியாகவே கருதியவர் நார்வேயின் துருவப் பயணி ஃபிரித்யோஃப் நான்சன். துருவத்தில் தண்ணீரே கிடையாது, எல்லாம் பனி. அதை உருக்குவதுதான் சமையலில் பாதிச் செலவு. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கி அதே 0 டிகிரியில் தண்ணீராக்க 334 கிலோஜூல் வேண்டும். அந்த ஆற்றலில் 0 டிகிரித் தண்ணீரை 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். சறுக்குவண்டியில் இழுத்துப்போகும் எரிபொருள் தீர்ந்தால் தாகத்தில் சாக வேண்டியதுதான், சுற்றிலும் உலகத்துத் தண்ணீரெல்லாம் உறைந்து கிடக்க. எனவே நான்சன் தன் அடுப்பில் எதையும் வீணாக்கவில்லை. நடுவில் சமையல் பானை. அதைச் சுற்றி வளையமாகப் பனி உருக்கும் இரண்டாவது பானை. சூடான வாயு முதலில் உள்பானையைத் தழுவி, பிறகு வளையத்தினூடே புகுந்து, கடைசியில் மேலே மூடிபோல் உட்கார்ந்திருக்கும் மூன்றாவது பனிப்பாத்திரத்தின் அடியைத் தடவிவிட்டுத்தான் வெளியேறும். 1892இல் ஸ்வீடனில் ஃபிரான்ஸ் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பு கீழே. 1893 முதல் 1896வரை நீண்ட தன் வடதுருவப் பயணத்தில் நான்சனுக்கு இது சோறு போட்டது. 1911இல் தென்துருவத்தை முதலில் தொட்ட அமுண்ட்சென் கையிலும் பிரைமஸ் அடுப்புதான்.

பனி உருக்குவதில் ஒரு விசித்திரம் உண்டு: பனியும் தீயும்! உலர்ந்த பனியை வெறும் பாத்திரத்தில் அழுத்தி அடுப்பில் வைத்தால் கருகிய வாடை வரும். அடியில் உருகும் கொஞ்ச நீரை மேலிருக்கும் பனி, ஒற்றும்தாள்போல் உறிஞ்சிக்கொள்ள, தகட்டுக்கும் பனிக்கும் நடுவில் இடைவெளி. கட்டுப்படுத்த நீரில்லாத உலோகம் தகிக்கத் தொடங்கிவிடும். முதலில் ஒரு குவளை தண்ணீர், பிறகு கொஞ்சங்கொஞ்சமாகப் பனி. மலைக்காரர்களின் பாலபாடம் இது.

வாங்கப் போகிறவர்களுக்கு: தண்ணீர் மட்டும் கொதிக்க வைத்து, பொட்டலம் பிரித்துக் கலக்கிக் குடிக்கிறவர் என்றால் டைட்டானியத்துக்குக் காசு கொடுங்கள், கனம் குறையும். குடும்பத்தோடு போய்ச் சோறும் பொங்கலும் ஆக்குகிறவருக்கு என் ஓட்டு அனோடைஸ்டு அலுமினியத்துக்கு. கன்னாபின்னாவென்று போட்டு எடுக்க, கரண்டியால் சுரண்ட, புளிக்குழம்பு வைக்க எவர்சில்வர். எதுவானாலும் உயரத்தைவிட அகலம் கூடுதலாகவும், மூடி சரியாகப் பொருந்தியும், கம்பி மாட்டும் காது அசையாமலும் இருக்கட்டும். காப்புக்காடுகளில் அனுமதியின்றித் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். அனுமதியுள்ள முகாமிடத்தில் அல்லது சொந்தத் தோப்பில் மட்டும் மூட்டுங்கள். கிளம்பும்முன் அதே பாத்திரத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் 2257 கிலோஜூல் வெப்பத்தைத் தணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். புறங்கையைச் சாம்பலில் வைத்துச் சூடில்லை என்று உறுதியான பிறகே பையைத் தோளில் மாட்டுங்கள்.